பாப்பா தலையில ஹெல்மெட் உக்காந்த கதை

புள்ள ஹெல்மெட் போட மாட்டேங்குதுன்னு யாராச்சும் சொன்னா, அடம் புடிக்குதுன்னுதான் உடனே எல்லாரும் எடுத்துக்குறோம். எனக்கு அப்படி தோணல, பாதிக்கு மேல வில்லங்கம் அந்த ஹெல்மெட்டுலதான் இருக்கு, புள்ளைக்கு அத சொல்ல தெரியல, அதனால அழுகுது, கழட்டி எறியுது, அவ்ளோதான்.

எங்க பாப்பாவுக்கு அஞ்சு வயசு. மதுரையில டிராஃபிக் எப்படின்னு சொல்லவே வேணாம், வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு டெய்லி ஸ்கூட்டிதான். நாலு வயசுக்கு மேல யாரா இருந்தாலும் ஹெல்மெட் போடணும்னு 2019லயே மோட்டார் வாகன சட்டத்த திருத்திட்டாங்க, போடலன்னா 1000 ரூபா ஃபைன், கூடவே மூணு மாசம் லைசென்ஸையும் நிறுத்தி வைக்க சட்டத்துல இடம் இருக்கு. ஆனா காலையில எந்த ஸ்கூல் வாசல்ல வேணா நின்னு பாருங்க, ஓட்டுற அப்பா தலையில ஹெல்மெட், முன்னாடி ஹேண்டில்பார புடிச்சு நிக்கிற புள்ள தலையில வெறும் ரிப்பன்.

பாப்பாவோட மொத ஹெல்மெட் என் தம்பி பர்த்டேக்கு வாங்கி குடுத்தது. செவப்பு கலர், பொம்மை படம் எல்லாம் போட்டு பாக்க அம்சமா இருந்துச்சு, ஆனா தலைய திருப்புனா தலை மட்டும் திரும்பும், ஹெல்மெட் அங்கயே நிக்கும். குனிஞ்சா மூக்குல வந்து இடிக்கும். "வளர்ற புள்ளதானக்கா, ரெண்டு வருஷத்துக்கு ஆகும்"ங்குறான். யூனிஃபார்முக்கு சரி, ஷூவுக்கு கூட பஞ்சு வச்சு சமாளிக்கலாம், ஹெல்மெட்டுக்கு அந்த கணக்கு ஆகாது. லூஸா இருந்தா விழறப்ப அது ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

அப்புறம் தையல் டேப் எடுத்து அளந்தேன். புருவத்துக்கு கொஞ்சம் மேல ஆரம்பிச்சு, காதுக்கு மேலயே சுத்தி, பின்மண்டை எங்க நல்லா புடைச்சுருக்கோ அது வழியா கொண்டு வரணும். அந்த சென்டிமீட்டர் கணக்க சொல்லி கடையில கேட்டா அவங்களே சைஸ் எடுத்து போடுவாங்க. மாட்டுன பிறகு கன்னம் ரெண்டும் லேசா அமுங்கி பன்னு மாதிரி தெரியணும், தாடை ஸ்ட்ராப்ப போட்டுட்டு ஹெல்மெட்ட புடிச்சு ஆட்டுனா நெத்தி தோலும் சேந்து ஆடணும், அதான் சரியான சைஸ். புள்ளைய கூட்டிட்டு போகாம வாங்காதீங்க. கலர மட்டும் அவங்க இஷ்டத்துக்கு விட்டுருங்க (எங்க வீட்டுல ரோஸ், வேற என்ன).

இதுல எங்க அப்பத்தா வேற, "கழுத்து முறிஞ்சு போகும்டி புள்ளைக்கு, கழட்டி வையி"ன்னு ஒரே புலம்பல். அப்பத்தா சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்ல, சில ஹெல்மெட் நெசமாவே கல்லு கனம் இருக்கு, அதனால கடையில நாலஞ்ச கையில தூக்கி பாத்து லேசானதா எடுத்தேன். அதுக்காக ரோட்டோரம் குவிச்சு போட்டு விக்குற பிளாஸ்டிக் தொப்பிய வாங்கிறாதீங்க. உள்ள கெட்டியான தெர்மாக்கோல் இருக்கணும், அடிபடறப்ப அதுதான் நசுங்கி அதிர்ச்சிய வாங்கிக்கும். ஒரு தடவை நசுங்குனா பழையபடி எழும்பாது, அதனால ஒருவாட்டி பலமா அடி வாங்குன ஹெல்மெட்ட வெளிய பாக்க நல்லாருக்கேன்னு வச்சுக்க கூடாது. பின்னாடி ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151ங்குற நம்பரும் இருக்கான்னு பாருங்க, கூட இருக்குற கம்பெனியோட லைசென்ஸ் நம்பர பிஐஎஸ் கேர்ங்குற ஆப்ல (ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குற அரசு அமைப்போடது) போட்டா அசலா போலியான்னு தெரிஞ்சுரும்.

சைஸ் சரியானதும் பாதி அழுகை நின்னுச்சு. மீதிக்கு காரணம் கண்டுபுடிக்கத்தான் நாளாச்சு. ஒண்ணு, பக்கிள் மாட்டுறப்ப தாடை தோல் உள்ள மாட்டி கிள்ளிருச்சு, அந்த பயம் போகவே இல்ல, இப்ப வரைக்கும் என் விரல உள்ள குடுத்துதான் கிளிக் பண்றோம். டெடி பொம்மைக்கு அவளே மாட்டி கழட்டி பழகுனப்புறம் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. இன்னொண்ணு தலைமுடி. உச்சில கிளிப்ப குத்திட்டு அது மேல ஹெல்மெட்ட அழுத்துனா வலிக்காம என்ன செய்யும், நமக்கே வலிக்கும். இப்ப ரெட்டை ஜடைய காதுக்கு கீழ தாழ்வா போட்டு, கிளிப்பெல்லாம் பேக்ல, ஸ்கூல் கேட்டுல வச்சு குத்தி விடுறது. வெள்ளிக்கிழமை மல்லிப்பூவுக்கு தனி பஞ்சாயத்து நடந்துச்சு, பூவு நசுங்குதுன்னு ஹெல்மெட்டே வேணாம்னுட்டா. மதுரைக்காரி வேற எப்படி இருப்பா. இப்ப பூவும் டிபன் பையிலதான் வருது.

ஆனா இது எல்லாத்தையும் விட பெரிய காரணம் வேற ஒண்ணு. ஒரு நாள் அவளே சொன்னா, "இத போட்டா நீ பேசுறது எனக்கு கேக்க மாட்டேங்குதும்மா"ன்னு. போற வழி பூரா தொணதொணன்னு கத பேசிட்டே வர்ற புள்ள, காத மூடுனதும் தனியா உக்காந்திருக்குற மாதிரி ஆயிருச்சு போல. அதுக்கு எந்த கடையிலயும் மருந்து இல்ல. சிக்னல்ல நிக்கிறப்ப மட்டும் பேசுறதுன்னு பேசி வச்சுக்கிட்டோம், கோரிப்பாளையத்துல செவப்பு விழுந்தா இப்ப எங்களுக்குத்தான் சந்தோஷம்.

வண்டியில ஏத்தி உடனே பழக்க முடியாதுங்க. வீட்டுல டிவி பாக்குறப்ப கொஞ்ச நேரம், மாடியில சைக்கிள் ஓட்டுறப்ப கொஞ்ச நேரம், அப்புறம் தெருமுனை கடை வரைக்கும், இப்படித்தான் நாங்க போனோம். சாக்லேட் குடுத்து ஆரம்பிச்சா டெய்லி சாக்லேட் கேக்கும். "போலீஸ் மாமா புடிச்சுட்டு போயிருவாரு"ன்னு மிரட்டுறதும் எனக்கு புடிக்கல, போலீஸ் இல்லாத சந்துக்குள்ள வந்ததும் புள்ள கழட்டத்தான செய்யும், அதுல புள்ள மேல தப்பே இல்லையே. வேர்வை இன்னொரு தலைவலி, சித்திரை வெயில்ல மெல்லிசா ஒரு காட்டன் துணி கட்டி மாட்டுறோம், உள் துணி கழட்டுற மாதிரி இருந்தா வாராவாரம் அலசி போட்டுறணும், இல்லன்னா நாத்தத்துக்கே போட மாட்டாங்க. அடுத்த புள்ளையோட ஹெல்மெட்ட மாத்தி மாட்டி விடாதீங்க, பேன் வந்துட்டா அது பெரிய கூத்து.

நாலு வயசுக்கு கீழ குட்டி இருந்தா அதுக்கு ரூல் தனி. ஒம்பது மாசத்துல இருந்து நாலு வயசு வரைக்கும் ஹெல்மெட்டோட, ஓட்டுறவங்களோட சேத்து கட்டுற பெல்ட்டும் வேணும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்த தாண்ட கூடாது, 2023 பிப்ரவரில இருந்து இது நடைமுறைல இருக்கு. அந்த வயசுக்கு தரமான சைக்கிள் ஹெல்மெட்டும் போடலாம்னு ரூல்லயே இருக்கு, லேசாவும் காத்தோட்டமாவும் இருக்குறதால குட்டிங்க சீக்கிரம் பழகிக்குதுங்க. வண்டியில தூங்கி விழுற புள்ளைக்கு அந்த பெல்ட் ரொம்ப முக்கியம், ஹெல்மெட் கனத்துல தலை சாஞ்சா உடம்பும் கூடவே சாயும்.

இப்ப எங்க வீட்டுல பாப்பா பிரச்சனை இல்ல, எங்க ஐயாதான் பிரச்சனை. "நீ போடலன்னா நான் ஏற மாட்டேன்"னு பாப்பா சாவிய புடுங்கி வச்சுக்குறதால அவள கூட்டிட்டு போறப்ப போடுறாரு. தனியா டீக்கடைக்கு கெளம்புனா இன்னமும் பெட்ரோல் டேங்க் மேலதான் வச்சுட்டு போறாரு.