பலகையில் ஏறிய கண்ணன்: ஆடி, ஆவணிக் குறிப்புகள்

2024 ஜூலை 23, செவ்வாய்

நான்கு மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குப் பால் கறக்க வேண்டும். இடையில் இருக்கும் நேரம் முன்பெல்லாம் பூஜைக்கானது. விளக்கேற்றிப் பதிகம் பாடிய பிறகுதான் அடுப்படிக்குள் போவேன். இன்று விளக்கை ஏற்றிவிட்டு, அதன் எதிரிலேயே பலகையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். பதிகம் பாடவில்லையே என்ற குறை மாலை வரை நெஞ்சில் கிடந்தது.

தஞ்சாவூர்ப் படம் வரைவதற்காகக் காடாத் துணி ஒட்டி, சாக்குத்தூளும் கோந்தும் பூசி, வழவழப்பாகத் தேய்த்து வைத்த பலகை எட்டு மாதமாகப் பீரோவின் பின்னால் நின்றது. இன்றுதான் அதில் பென்சில் கோடு விழுந்தது. வெண்ணெய்த்தாழிக் கண்ணன். நான் மன்னார்குடியில் பிறந்தவள். பங்குனித் திருவிழாவில் ராஜகோபாலன் தாழியோடு தவழும் கோலத்தில் வீதியில் வரும்போது, ஆளாளுக்கு வெண்ணெயை வீசுவோம். அந்தக் குழந்தையின் கன்னம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இரவு, பட்ஜெட்டில் தங்கத்தின் சுங்கவரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னார். மகளுக்கு நகை சேர்க்கும் நினைவு அவருக்கு. எனக்குப் படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடான ரேக்கின் நினைவு.

ஜூலை 28, ஞாயிறு

ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை இன்று திறந்திருக்கிறார்கள். குறுவையை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். இனி சம்பாதான். அவர் காலையிலிருந்து வரப்புக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். விதை நெல், உழவுக் கூலி, வாங்கிய கடன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொடுத்தேன். பலகையைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போனோம். காவிரி நுரைத்துக்கொண்டு செம்பழுப்பாக ஓடினாள். காப்பரிசி, காதோலை, கருகமணி வைத்துப் படைத்தோம். எனக்கும் மகளுக்கும் அத்தை மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். போன வருஷத்தைவிட அத்தையின் விரல் அதிகம் நடுங்குகிறது.

கிளம்புமுன் நடந்ததை எழுத வேண்டும். கிரீடத்தில் பதிக்க எடுத்து வைத்திருந்த சிவப்பு ஜெய்ப்பூர்க் கற்களைக் காணவில்லை. டப்பாவில் பச்சையும் வெள்ளையும் மட்டும் இருந்தன. தேடித் தேடிக் கடைசியில் வாசலுக்கு வந்தால், மகனின் சப்பரத்தில் அவை மின்னுகின்றன. அட்டைக் கோபுரத்தைச் சுற்றி வரிசையாக ஒட்டியிருந்தான். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே அவன் சுண்டுவிரல் அகலம் இடைவெளி, அளந்து வைத்திருக்கிறான்.

கையை ஓங்கிவிட்டேன். "சாமிக்குத்தானே அம்மா ஒட்டினேன்" என்றான். உள்ளே குங்குமப் பொட்டோடு சின்ன அம்மன் படம் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலையைக் கோதினேன். தெருவில் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடியபோது இரண்டு கற்கள் உதிர்ந்தன. மகளும் நானும் மண்ணில் குனிந்து தேடி ஒன்றை எடுத்தோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. மாவிளக்கு, கோயில், வந்தவர்களுக்குச் சாப்பாடு. வந்த உறவுக்காரர் ஒருவர் பலகையைப் பார்த்து, "நல்ல பொழுதுபோக்கு. பிள்ளைகள் பெரியவர்களானதும் நிதானமாக வரையலாமே" என்றார். ஒன்பது வருஷம் அப்படித்தான் காத்திருந்தேன். திரும்பத் தூரிகையைப் பிடித்த அன்று விரல் மரத்துப்போயிருந்தது. ஒரு புருவத்தை ஒரே இழுப்பில் இழுக்க முடியவில்லை. யார் வந்து அந்தக் கையைத் திருப்பித் தருவார்கள்? வாயைத் திறக்காமல் காபி கொடுத்தேன். இங்கே எழுதிவிடுகிறேன்: இது பொழுதுபோக்கு இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

இருக்கிற கற்களை வைத்துக் கிரீடத்தை மாற்றி வரைந்து பதித்தாயிற்று. நடுவில் மட்டும் சிவப்பு, சுற்றிலும் பச்சை. சாக்குத்தூள் பசையால் புடைப்பு எழுப்பும் மக்கு வேலையும் முடிந்து காய்ந்துவிட்டது.

இன்று ரேக் ஒட்டினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டுதான் ரேக்கை எடுக்க வேண்டும். கோந்து ஈரமாகவும் இருக்கக் கூடாது, முழுக்க உலர்ந்தும் விடக் கூடாது. விரல் வைத்தால் லேசாகப் பிடித்து விட வேண்டும். அந்தப் பதத்தில் ரேக்கை வைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றிப் புடைப்பின் மேடு பள்ளத்துக்குள் இறக்கினேன். கல்லை மூடிய ரேக்கை பிளேடு நுனியால் வளைத்து வெட்டியதும், அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் காதில் விழுந்தது. திண்ணையில் அத்தை பதிகம் பாடிக்கொண்டிருந்தார். குரல் உடைந்திருக்கிறது, இரண்டு இடத்தில் வரி தவறியது. எத்தனை நாளாகப் பாடுகிறார் என்று தெரியவில்லை. நான் விட்ட பதிகம் அது. எழுந்து போய்க் கேட்கவில்லை. பதம் போய்விடும்.

ஆகஸ்ட் 21, புதன்

மகனுக்குக் காய்ச்சல். மூன்று நாளாகப் பலகையில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்புக்கு வண்ணம் கொடுத்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கண்ணன் கருப்புதானே, ஏன் வெள்ளையாகப் பூசுகிறாய்?" என்று கேட்டான். நம் தஞ்சாவூர்ப் படத்தில் குழந்தைக் கண்ணன் பால் நிறம்தான். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் பூசினார். "வெண்ணெய் தின்று தின்று அப்படி ஆகிவிட்டான்" என்றேன். ஏற்றுக்கொண்டான்.

கண் மட்டும் பாக்கி. அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கோகுலாஷ்டமி. மூன்று மணிக்கே எழுந்து குளித்தேன். இரண்டு மயிர் மட்டும் நிற்கும் தூரிகையால் இமைக்கோடு இழுத்தேன். பிறகு கருமணி. முதல் கண்ணை வைத்ததும் கை நின்றுவிட்டது. அதுவரை கோடும் நிறமுமாக இருந்தது என்னைப் பார்த்தது. இரண்டாவதை வைக்க வெகுநேரம் பிடித்தது. இன்று பதிகத்தை நானே முணுமுணுத்தேன். அத்தை திண்ணையிலிருந்து சேர்ந்துகொண்டார்.

சாயங்காலம் மகள் வாசலிலிருந்து மாக்கோலத்தில் பாதம் வைத்துக்கொண்டே வந்தாள். பூஜை அலமாரியில் முடிக்காமல் பலகை வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். நான் அழிக்கச் சொல்லவில்லை. அத்தை சீடை வைத்தார். எனக்கு வெண்ணெய் உருட்டும் வேலை.

படத்துக்குக் கண்ணாடி போட தஞ்சாவூருக்கு எடுத்துப் போக வேண்டும். வியாழக்கிழமை, அவர் உரம் வாங்கப் போகும்போது.