வலி இல்லாத இரண்டு பிளஸ்

லேப்பில் யூரின் பார்க்க உட்கார்ந்தால் யூரினில் தோய்த்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப்பைப் பார்க்கும் முன்பே கண் வயதுக்குத்தான் போகிறது. அறுபதைத் தாண்டியவர் சிறுநீரில் ரத்தம் வந்தால் கல், ப்ராஸ்டேட், புற்றுநோய் என்று யோசனை ஒரு பக்கம் ஓடும். வேலைக்குச் சேர மெடிக்கலுக்கு வந்த பையனின் ஸ்ட்ரிப்பில் புரோட்டீன், ரத்தம் இரண்டு கட்டமுமே பச்சையாக மாறி இரண்டு பிளஸ் அளவு காட்டினால் எனக்கு மனசு கேட்காது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். "உடம்புச் சூடு, இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்று கூட வந்தவர் சொல்லுவார்.

காய்ச்சல், முந்தின நாள் கடுமையான ஓட்டம், பெண்களுக்கு மாதவிடாய், இதனால் எல்லாம் சில நாள் அப்படி வரும், போய்விடும். நீர்க்கடுப்பு என்றால் பஸ் செல்கள், அதாவது சீழ் அணுக்கள், கூட்டமாகத் தெரியும். இது எதுவும் இல்லாமல் ரத்தமும் புரோட்டீனும் சேர்ந்து வந்தால் கோளாறு பெரும்பாலும் சிறுநீரகத்தின் வடிகட்டியிலேயே இருக்கும்.

அதைக் காட்டிக்கொடுப்பது மைக்ரோஸ்கோப்தான். சாம்பிளைச் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டு ஸ்லைடில் வைத்துப் பார்த்தால், சிறுநீர்ப்பையிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்த சிவப்பணுக்கள் வட்டமாக ஒரே மாதிரி இருக்கும். வடிகட்டியில் நசுங்கி வந்தவை ஒவ்வொன்றும் ஒரு வடிவம், சிலவற்றின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் முளைத்திருக்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் அச்சு வார்த்த மாதிரி உருவாகி, சிவப்பணுக்கள் அடைத்து வரும் காஸ்ட் ஒன்று தென்பட்டால் போதும், ரிப்போர்ட்டில் எழுதுவதோடு விடாமல் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன். ஆனால் காஸ்ட் சீக்கிரம் கரைந்துவிடும். காலையில் பிடித்த சாம்பிள் மதியம் வந்து சேர்ந்தால் அதில் எதைத் தேடுவது? வார்டுக்குப் பல தடவை சொல்லியாகிவிட்டது, சண்டையும் போட்டாகிவிட்டது.

இளவயதில் அடிக்கடி பார்ப்பது ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் வடிகட்டியில் படிவதால் வருவது. பாரிஸில் ழான் பெர்ஜே என்ற டாக்டர் 1968இல் விவரித்த நோய். தொண்டை வலி வந்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் கோலா நிறத்தில் போகலாம். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துப் போனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் பின்விளைவாக இருக்கலாம். இளம்பெண் என்றால் மூட்டு வலி, முகத்தில் தடிப்பு உண்டா என்று டாக்டர்கள் லூபஸை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோயை, நினைத்துக் கேட்பார்கள். வீட்டில் யாருக்காவது சிறு வயதிலேயே காது மந்தமா என்ற கேள்வி ஆல்போர்ட் என்ற பரம்பரைச் சிறுநீரக நோய்க்காக. எது என்று உறுதியாகத் தெரிய பல பேருக்குச் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவைப்படும்.

இன்னொன்று. முதல் ரிப்போர்ட் கெட்டது என்று மறு டெஸ்டுக்கு வரும்போது வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்கள். சாம்பிள் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், இரண்டு பிளஸ் ஒன்றாகக் குறையும், சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் டப்பாவைக் கொடுத்து, நாளைக்கு எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடித்து வாங்க, அதில் புரோட்டீனுக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்க, அப்படியே பிரஷரும் பார்த்துடுங்க என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.