3,000 பீஸுக்கு எத்தனை பீஸ் பார்ப்பது?

திருப்பூரில் எங்கள் ஆடை யூனிட்டில் வெகுகாலம் "பத்து பர்சன்ட் செக்" என்பதுதான் வழக்கம். 3,000 பீஸ் ஆர்டருக்கு 300, 400 பீஸ் ஆர்டருக்கு 40. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முறையான சாம்பிளிங் பிளான் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முதலில் இதைத்தான் எடுத்தேன். சின்ன லாட்டுக்கு (ஒன்றாகச் செக்குக்கு வரும் மொத்த பீஸ்) 40 பீஸ் போதவே போதாது. ஒரு லாட்டை எவ்வளவு நம்பலாம் என்பது பெரும்பாலும் சாம்பிள் எண்ணிக்கையைப் பொறுத்தது, சதவீதத்தை அல்ல.

சாம்பிள் செக்கிங்குக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 2859-1. அதன் அட்டவணை பார்க்க எளிது. 3,000 பீஸ் 1,201–3,200 வரிசையில் வரும். ஜெனரல் லெவல் 2 (வழக்கமான செக் அளவு) என்றால் கோட் எழுத்து கே, சாம்பிள் 125. மேஜருக்கு (ஓட்டை போன்ற பெரிய குறை) ஏக்யூஎல் (ஏற்புத் தர எல்லை, நூற்றுக்குக் கணக்கு) 2.5 வைத்தால் 7 கெட்ட பீஸ் வரை பாஸ், 8 வந்தால் ரிஜெக்ட். மைனருக்கு (சின்னக் குறை) 4.0 என்றால் 10 வரை பாஸ். உடைந்த ஊசித் துண்டு போன்ற கிரிட்டிகல் விஷயத்தில் சாம்பிள் பேச்சே கூடாது, ஒவ்வொரு பீஸும் மெட்டல் டிடெக்டரில் போக வேண்டும்.

செக்கிங் மாஸ்டர் கேட்டார்: "அப்ப ரெண்டரை பர்சன்ட் ஓட்டை பீஸ் போலாமுங்களா?"

"இல்லீங்கண்ணா, ரெண்டரைங்கறது ஓட்டை பீஸ் அனுப்பறதுக்குக் குடுத்த அனுமதி இல்லீங்க" என்று சொல்லி, கணக்கைப் போட்டுக் காட்டினேன். 125-க்கு 7 என்ற பிளானில், நூற்றுக்கு 5 பீஸ் கெட்ட லாட்கூட பத்தில் ஏழு தடவை பாஸாகிவிடும். அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. பிளானைத் தேர்வு செய்கிறவர் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். அட்டவணையில் இது கண்ணில் படாது.

பையர் 2.5 கேட்டாலும், எங்கள் உள் செக்கிங்குக்கு மேஜரில் 1.5 என முடிவு செய்தேன். சாம்பிள் அதே 125தான், பாஸ் எல்லை மட்டும் 5. அதே கெட்ட லாட் இப்போது பத்தில் நான்கு தடவைதான் தப்பும். கூடுதலாக ஒரு பீஸ்கூடப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் முதலாளியும் உடனே சரி என்றார். தொடர்ச்சியான ஐந்து லாட்டில் இரண்டு ரிஜெக்ட் ஆனால் டைட்டன்டுக்கு (இன்னும் கடுமையான செக்) மாறும் விதியையும் சேர்த்தேன். அது இல்லாமல் பிளான் அரைகுறைதான்.

பீஸ் எடுக்கும் இடத்தில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். வாசல் பக்கம் அடுக்கிய கார்ட்டனை மட்டும் பிரித்தால் எந்த அட்டவணையும் உதவாது. அடியில், உள்ளே, எல்லா சைஸிலும் எல்லா கலரிலும் எடுக்கச் சொல்வேன். ரிஜெக்ட் ஆனால், சாம்பிளில் சிக்கிய ஆறு பீஸை மாற்றிவிட்டு அனுப்புவது கிடையாது. மொத்த லாட்டையும் பிரித்துப் பார்த்து, கழித்து, மறுபடி புதிதாக 125 எடுக்கிறோம்.