கரண்ட் கட்டுக்கு காத்திருக்கிறவன்: 10 வாட்ஸ்ல டிஎக்ஸ், ஆறு மாசக் கணக்கு

ஹாம் ரேடியோன்னா லைசென்ஸ் வாங்கி வீட்டுல இருந்தே உலகத்தோட பேசற பொழுதுபோக்கு, அதுல தூர நாட்டப் பிடிக்கிறதுதான் டிஎக்ஸ். மைக்ரோபிட்எக்ஸ்ங்கற ரேடியோப் பெட்டிய மூடி கடைசி ஸ்க்ரூ போட்ட அன்னிக்கு ராத்திரியே ஜப்பான்காரன் கூப்பிட்டுருவான்னு ஒரு நெனப்பு. கெடைச்சது என்னன்னா அடைமழையில தகரக் கொட்டகைக்குள்ள உக்காந்த மாதிரி ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ள இருந்து இன்னிய தேதிக்கு 31 நாடு பிடிச்சாச்சு, 32-ஆவது நாடு எப்படி கைய விட்டுப் போச்சுன்னு கடைசியில சொல்றேன், இப்பவே சொன்னா வயிறு எரியும்.

முதல்ல என்கிட்ட என்ன இருக்குன்னு சொல்லிடறேன். மதுரையில ரெண்டு மாடி வீடு, நாங்க மேல, வீட்டுக்காரர் கீழ. கால்சைன் (லைசென்ஸோட வர்ற அடையாளப் பேரு) விக்டர் யூனிஃபார்ம் த்ரீ, அதாவது VU3 வரிசை, ரெஸ்ட்ரிக்டட் கிரேடுங்கற ஆரம்பநிலை லைசென்ஸ். ரிக், அதாவது ரேடியோ, மைக்ரோபிட்எக்ஸ், ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் டிசைன் பண்ணது, ஹாம் உலகத்துல இந்தப் பெட்டி தெரியாத ஆள் கம்மி. போர்டு ரெடியா வரும், ஒயரிங்கும் பெட்டியும் நம்ம வேலை. பவர் 10 வாட்ஸ்னு பேரு, கீழ் பேண்டுல அது வரும், மேல மேல போகப் போக கொறஞ்சுடும், 15 மீட்டர் பேண்டுல (21 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) எனக்கு அஞ்சு வாட்ஸ் வந்தாலே பெரிய விஷயம். ராத்திரி பாத்ரூம்ல எரியற பல்பு இதைவிட ஜாஸ்தி.

ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் பேண்டுக்கான டைபோல், நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஒரே நீளத்துக்குப் போற கம்பி. கணக்கு சுலபம், 143-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மொத்த நீளம் மீட்டர்ல வந்துடும், 14.150-க்கு 10.1 மீட்டர், ஒரு கைக்கு அஞ்சு மீட்டர் சொச்சம். எலக்ட்ரிக்கல் கடையில வீட்டு ஒயரிங்குக்கு விக்கிற ஒயரையே வாங்கி கணக்குப்படி வெட்டி, 15 அடி ஜிஐ பைப் உச்சியில நடுவ கட்டி ரெண்டு கையையும் கைப்பிடிச் சுவர் பக்கமா இறக்கிவிட்டேன், தலைகீழ் வி மாதிரி. பக்கத்து மாடியில வடகம் காய வச்சிட்டு இருந்த பாட்டி "என்னப்பா, துணி காயப்போட இவ்ளோ உசரத்துல கொடி கட்டுற"ன்னு கேட்டாங்க. "இல்ல பாட்டி, ரேடியோ"ன்னேன். "எஃப்எம்மா? எங்க வீட்ல போன்லயே வருதே"ன்னாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் விளக்கல.

நானோ விஎன்ஏ (ஆன்டெனாவ அளக்கிற குட்டி மீட்டர்) வச்சுப் பாத்தா 14.150-க்குப் பதிலா 13.6-ல போய் ரெசனன்ஸ் ஆகுது. அரை நாள் மண்டைய ஒடைச்சுட்டு காலையில 40 மீட்டர்ல பேசற சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட கேட்டேன், "மேல் தோலோட இருக்கிற ஒயர் கணக்க விட நீளமா நடந்துக்கும் தம்பி, ஒரேயடியா வெட்டாத, கொஞ்சங்கொஞ்சமா வெட்டு"ன்னார். ரெண்டு பக்கமும் 20 சென்டிமீட்டர் போனதும் எஸ்டபிள்யூஆர் (அனுப்பற பவர் எவ்ளோ திரும்பி வருதுங்கற கணக்கு, 1 வந்தா உத்தமம்) 1.3-க்கு வந்துச்சு. அப்பறம் கேபிள் சேர்ற அதே ஃபீட் பாயிண்ட்லயே 15 மீட்டருக்கு இன்னொரு ஜோடி கம்பியும் கட்டிட்டேன்.

இப்ப அந்த இரைச்சல். முதல் ஒரு மாசம் நான் யாரையும் கூப்பிடவே இல்ல, ஏன்னா யாரும் காதுலயே விழல. பவர் பத்தலையோ, ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டிடலாமான்னு எல்லாம் யோசிச்சேன், சுத்த முட்டாள்தனம், காதுல பஞ்ச வச்சுக்கிட்டு சத்தமா கத்துனா ஆச்சா. ஒரு ஞாயித்துக்கிழமை ரிக்க 12 வோல்ட் பேட்டரியில ஓட்டிக்கிட்டு வீட்டு மெயினை ஆஃப் பண்ணிப் பாத்தேன். பாதி இரைச்சல் அப்படியே விழுந்துச்சு! அப்பறம் ஒவ்வொரு சுவிட்சா போட்டுப் போட்டு கேட்டதுல ஆளுங்க சிக்குனாங்க: வைஃபை அடாப்டர், மாடிப்படி எல்இடி பல்பு, பூஜை ரூம்ல எப்பவும் எரியற சீரியல் செட். பல்ப மாத்தினேன், அடாப்டர் ஒயர்ல இரைச்சலத் தடுக்கிற ஃபெரைட் மாட்டினேன், ஆன்டெனாவுக்குப் போற கோஆக்ஸ் கேபிளை பெரிய டொராய்டுல (ஃபெரைட் வளையம்) 11 சுத்து சுத்தி சோக் போட்டேன். சீரியல் செட்ட மட்டும் தொட முடியல, அது அம்மா டிபார்ட்மெண்ட். ஆடி மாசம் தெரு முழுக்க சீரியல் செட் கட்டி பத்து நாள் அம்மன் கோயில் திருவிழா நடந்தப்ப ரிக்குக்கு துணி போட்டு மூடிட்டு நானும் கூழ் குடிக்கப் போயிட்டேன்.

மீதிப் பாதி இரைச்சல் தெருவுல இருந்து வருது, அதுக்கு என்ன செய்ய. அப்பதான் மாசாந்திர பராமரிப்புக்காக காலை 9 மணியில இருந்து கரண்ட் இருக்காதுன்னு மெசேஜ் வந்துச்சு. ஊரே தலையில கை வச்சுச்சு, நான் ஆபீஸுக்கு லீவ் போட்டேன்.

அந்த நாள எப்படிச் சொல்றது. ஒன்பதே கால் இருக்கும், ஹெட்போன மாட்டி 15 மீட்டர திருப்பினா ரிக் செத்துப்போச்சோன்னு பயந்துட்டேன், அவ்ளோ அமைதி. அப்பறம் மெதுவா ஒரு குரல், அதுக்குப் பின்னாடி இன்னொன்னு, அதுக்கும் பின்னாடி கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி வேற ஒருத்தர். இத்தனை நாளும் இவங்க எல்லாரும் அங்கயேதான் பேசிட்டு இருந்திருக்காங்க. எதிர்வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் கொசு மாதிரி ரீங்காரம் போட்டுட்டே இருந்துச்சு, அது இருந்துட்டுப் போகட்டும்.

அன்னிக்கு ரொம்ப நேரம் பீக்கன்லயே உக்காந்துட்டேன். தெரியாதவங்களுக்கு: உலகம் பூரா 18 எடத்துல பீக்கன், அதாவது பாதை தெறந்திருக்கான்னு பாக்க தானா சிக்னல் அனுப்பற ஸ்டேஷன், வச்சிருக்காங்க, 14.100, 21.150 மாதிரி அஞ்சு ஃப்ரீக்வென்சி, ஒவ்வொருத்தருக்கும் பத்து செகண்ட், மூணு நிமிஷத்துல ஒரு ரவுண்டு முடிஞ்சு திரும்ப முதல்ல இருந்து. கால்சைன் மோர்ஸ்ல வேகமா ஓடும், எனக்கு அந்த ஸ்பீடுல பிடிபடாது, ஆனா எந்த செகண்டுல யாரு வருவாங்கன்னு அட்டவணை இருக்கு, கடிகாரத்தப் பாத்தே ஆளச் சொல்லிடலாம். கால்சைன் முடிஞ்சதும் நாலு நீள டேஷ் வரும், முதல் டேஷ் 100 வாட்ஸ், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி 0.1 வாட். எத்தனை டேஷ் கேக்குதுன்னு எண்ணினா பாதை எப்படி இருக்குன்னு புரிஞ்சுடும். மேற்கு ஆஸ்திரேலியா பீக்கன், 6,000 கிலோமீட்டருக்கு மேல, மூணாவது டேஷ் தெளிவா கேட்டுச்சு, நாலாவதும் இருந்த மாதிரி ஒரு பிரமை. ஒரு வாட் இங்க வருதுன்னா என் அஞ்சு வாட்ஸ் அங்க போகாதா என்ன?

இதுல வேடிக்கை கொழும்பு பீக்கன்தான். மதுரையில இருந்து 400 கிலோமீட்டர் கூட இல்ல, பஸ் தூரம், ஆனா 21.150-ல ஒரு டேஷ் கூட கேக்கல. தரையோட ஒட்டிப் போற அலை அவ்ளோ தூரம் வராது, மேல வானத்துல இருக்கிற எஃப் லேயர்ங்கற மின்னூட்டப் படலத்துல பட்டுத் திரும்பறது நம்ம தலைக்கு மேல தாண்டி எங்கயோ போய் விழுது. நடுவுல இருக்கிறவன் கேக்காம உக்காந்திருக்கணும், ஸ்கிப்னு சொல்றது இதத்தான். பாடத்துல படிச்சு பரீட்சையும் எழுதினேன், ஆனா காதால கேட்டப்பதான், இல்ல கேக்காம இருந்தப்பதான், மண்டையில ஏறுச்சு.

மத்தியானம் ரெண்டு மணி வாக்குல ஒரு ஜப்பான் ஸ்டேஷன் சிக்யூ (யாராவது பேச இருக்கீங்களாங்கற அழைப்பு) போட்டார். கூப்பிட்டேன். "விக்டர் யூனிஃபார்ம் த்ரீ... அகெய்ன்?" மறுபடி கூப்பிட்டேன். மூணாவது தடவை முழு கால்சைனும் திருப்பிச் சொன்னார், ரிப்போர்ட் 43, அதாவது புரியறது அஞ்சுக்கு நாலு, பலம் ஒன்பதுக்கு மூணு. மரியாதைக்கு 59 குடுக்காம உள்ளதச் சொன்னதுக்கே அவருக்கு ஒரு கும்பிடு. 6,800 கிலோமீட்டர், அஞ்சு வாட்ஸ். கையெல்லாம் நடுங்கி 73 (ஹாம் பாஷையில வாழ்த்துகள்) சொல்லவே மறந்துட்டேன். ஓடிப்போய் அம்மாகிட்ட ஜப்பான்ல பேசினேன்னு சொன்னேன், "கரண்ட் எப்ப வருமாம், அதக் கேட்டியா"ன்னாங்க.

அப்பறம் சாயங்காலம் ஆறரைக்கு மேல 20 மீட்டர்ல ஐரோப்பா வர ஆரம்பிச்சுது, பொழுது சாயற நேரத்துல அந்தப் பக்கம் பாதை நல்லாத் தெறக்கும். இத்தாலி, செர்பியா, ரஷ்யா எல்லாம் அப்படி வந்ததுதான். பைல்அப், அதாவது ஒரே ஸ்டேஷன எல்லாரும் முட்டிக்கிட்டுக் கூப்பிடறது, நடக்கிற எடத்துல நம்ம கத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, கிலோவாட் வச்சிருக்கிறவன் முன்னாடி டீக்கடை ரேடியோ மாதிரிதான். கூட்டம் இல்லாத ஸ்டேஷனா பாத்து, ரெண்டு பேர் மூச்சு விடற இடைவெளியில கால்சைனோட கடைசி மூணு எழுத்த மட்டும் போடுவேன், அதுல விழுந்தவங்கதான் ஜாஸ்தி.

ஒரு கூத்து. முதல் 14 கான்டாக்ட்டுக்கும், ரெண்டு பேர் லாக்கும் ஒத்துப்போனா ஆன்லைன்ல வர்ற கன்ஃபர்மேஷன் ஒண்ணு கூட வரல, எல்லாரும் சோம்பேறிங்கன்னு திட்டிட்டு இருந்தேன். பாத்தா லாக் (யார்கிட்ட எப்ப பேசினேன்ங்கற நோட்டு) பூரா நம்ம ஊரு டைம்ல எழுதி வச்சிருக்கேன்! உலகப் பொது நேரமான யுடிசியில எழுதணும், அஞ்சரை மணி நேரம் தள்ளி நிக்குது, யாரோட லாக்கோடயும் எப்படி ஒத்துப்போகும். உக்காந்து எல்லாத்தையும் திருத்தி ஏத்தினதும் ஒரே வாரத்துல ஒன்பது வந்துச்சு.

எஃப்டி8ங்கற கம்ப்யூட்டர் மோட் பக்கம் போக மாட்டேன், கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசறதுல நமக்கென்ன வேலைன்னு வீம்பா இருந்தேன். வீம்பு ரெண்டு மாசம் தாங்குச்சு. ஜோ டெய்லர் (பல்சர் ஆராய்ச்சிக்கு 1993-ல நோபல் வாங்கினவரேதான்), ஸ்டீவ் ஃப்ராங்கி ரெண்டு பேரும் 2017-ல கொண்டு வந்த மோட் இது, 15 செகண்டுக்கு ஒரு முறை, ஒருத்தர் அனுப்ப அடுத்தவர் கேக்க, காதுக்கே எட்டாத சிக்னலக் கூட, மைனஸ் 20 டிபி வரைக்கும், இரைச்சலுக்கு அடியில இருந்து தோண்டி எடுத்துடுது. என் தெருவுக்காகவே செஞ்ச மாதிரி. மைக்ரோபிட்எக்ஸ யூஎஸ்பியில சொருகினா சாஃப்ட்வேர் அத ஒரு யேசு (Yaesu) கம்பெனி எஃப்டி-817 ரேடியோன்னு நெனச்சுக்கிட்டு வேலை செய்யும், அந்த நைசான ஏமாத்து எனக்கு ரொம்பப் பிடிச்சுது. முதல் நாள் ஒண்ணுமே டிகோட் ஆகல, காரணம் லேப்டாப் கடிகாரம் நாலு செகண்ட் பின்னாடி. ரெண்டாவது நாள் முழு பவர்ல வச்சு விடாம அனுப்பி பவர் குடுக்கிற ஐஆர்எஃப்510 ட்ரான்சிஸ்டர் ரெண்டும் காலி, ஒவ்வொரு முறையும் 12 செகண்டுக்கு மேல நிறுத்தாம கத்தினா அந்த குட்டி ஹீட்சிங்க் என்ன பண்ணும். இப்ப பாதி பவர், கூட ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன்.

நடுவுல ஒரு மத்தியானம் பேண்டு சட்டுனு ஊமையாயிடுச்சு. கோஆக்ஸ் அறுந்துடுச்சுன்னு மொட்டை வெயில்ல பைப் ஏறி இறங்கி எல்லா சால்டரிங்கையும் பாத்தா ஒரு கோளாறும் இல்ல. சூரியன்ல ஒரு ஃப்ளேர், அந்த எக்ஸ்ரே வந்து எஃப் லேயருக்குக் கீழ இருக்கிற டி லேயர உப்பவச்சு பகல் பக்கம் இருந்த சிக்னலையெல்லாம் குடிச்சிடுச்சு, ஒரு மணி நேரத்துல தானா சரியாச்சு. இப்பெல்லாம் பைப் ஏறுறதுக்கு முன்னாடி சூரியனோட நிலவரத்தப் பாத்துக்கறேன்.

சரி, 32. போன வியாழக்கிழமை காலை அஞ்சு இருபது, 14.074, பிரேசில். ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர், நான் இதுவரைக்கும் பிடிச்ச எதையும் விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம். அங்க முந்தின நாள் ராத்திரி, இங்க விடியப் போகுது, பூமியே பாதை போட்டுக் குடுத்த மாதிரி. சிக்யூ போட்டார், என் கால்சைனும் எம்ஜே99-ம் (உலக வரைபடத்துல என் எடத்தோட கட்டக் குறி) அனுப்பினேன், பதிலே இல்ல, மறுபடி அனுப்பினேன், இல்ல, ஏழாவது தடவை என் பேரு ஸ்க்ரீன்ல செவப்பா வந்துச்சு, ரிப்போர்ட் மைனஸ் 21. நான் ஆர் மைனஸ் 17, அதாவது கெடைச்சுது, உங்களுக்கு என் ரிப்போர்ட் இதுன்னு அனுப்பிட்டேன். இனி அவர்கிட்ட இருந்து ஆர்ஆர்73-ன்னு (எல்லாம் கெடைச்சுது, வாழ்த்துகள்) ஒரு வரி வந்தா போதும், முடிஞ்சுது.

அந்த நேரம் பாத்து சமையக்கட்டுல மிக்ஸி ஓடுச்சு. மிக்ஸி மோட்டார்ல கார்பன் பிரஷ் பொறி தட்டும், அது ரேடியோவுக்கு இடி மாதிரி, ஸ்க்ரீன் மேல இருந்து கீழ வரைக்கும் மஞ்சளா பூசிடுச்சு. "அம்மா நிறுத்து"ன்னு கத்தினது மிக்ஸி சத்தத்துல கேக்கல. நான் ஓடி, அவங்க நிறுத்தி, திரும்பி வந்து பாத்தா மூணு ரவுண்டு போயிருந்துச்சு, அவர் வேற யாரோ ஐரோப்பாக்காரரோட பேசிட்டு இருக்கார், ரெண்டு நிமிஷத்துல அதுவும் மங்கி இல்லாமப் போச்சு. அவர் ஒருவேளை லாக்ல எழுதியிருக்கலாம், ஆனா என் கண்ணுக்கு ஆர்ஆர்73 வராம எனக்கு எழுத மனசு வரல. இப்ப காலையில அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் மிக்ஸி போடக் கூடாதுன்னு அம்மாவோட ஒரு ஒப்பந்தம் ஆகியிருக்கு, பதிலுக்கு முந்தின நாள் ராத்திரியே சட்னிக்குத் தேங்கா துருவி வைக்கிறது என் வேலை.