ராகம ஆய்வும் பாம்புக்கடியும்

கொழும்பில் இருப்பவர்களுக்குப் பாம்புக்கடி தூரத்து விஷயமாகத் தெரியலாம், ஆனால் வன்னியில் வயலுக்குப் போகிற நம் சொந்தங்களுக்கு அப்படியில்லை. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. அதை ஏற்றும்போதே சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சுத் திணறி, பிரஷர் விழுந்துவிடும்.

ராகமவிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் முன்னின்று நடத்தி, 2011இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் பார்த்திருக்கிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு முன் அட்ரினலின் என்ற ஊசிமருந்தைச் சிறிதளவு தோலடியில் போட்டால் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறைகிறது. ஒவ்வாமையைத் தடுக்க வழக்கமாகக் கொடுத்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்படி உதவவில்லை. அட்ரினலின் விலை குறைந்த மருந்து, கிராமத்து ஆஸ்பத்திரியிலும் இருக்கும். அரச பீடங்களில் இப்படியான வேலைகள் இன்னும் நடக்க வேண்டும், முடிவுகள் தமிழிலும் வர வேண்டும்.