அம்மம்மாவின் வாக்கு

போன மாதம் எங்கள் வகுப்பில் அரசியல் பாடம் தொடங்கியது. சுவிஸ் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்தது 1971 பெப்ரவரி 7ஆம் திகதி என்று ஆசிரியை பலகையில் எழுதினார். 1959இலும் ஒரு வாக்கெடுப்பு நடந்ததாம். வாக்களித்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்று போட்டுவிட்டார்கள்.

"உங்கள் நாட்டில் எப்போது?" என்று என்னைக் கேட்டார். இலங்கையில் 1931 என்றேன். ஆசிரியை திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு அதையும் பலகையில் எழுதினார்.

நான் பேர்ண் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். செஞ்சிலுவைச் சங்கத்தின் கோர்ஸ் முடித்து வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது இங்கே ஃபாகே என்று சொல்லும் சுகாதாரப் பராமரிப்பு டிப்ளோமாவுக்குப் படிக்கிறேன். 5 வருட வேலை அனுபவம் உள்ள பெரியவர்கள், இளம் பிள்ளைகள் எழுதும் அதே இறுதிப் பரீட்சையை எழுதலாம். தொழிற்கல்வி விதிகளின் 32ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வேலையை விடத் தேவையில்லை. ஊர்ச் சனம் "இந்த வயதில் ஏன்?" என்கிறது. நான் குளிப்பாட்டலாம், சாப்பாடு ஊட்டலாம், ஆனால் இன்சுலின் ஊசி போட இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். அது எனக்குப் போதாது.

காலையில் நான் கவனிக்கும் ஒரு அம்மாவுக்கு அழுத்தக் காலுறை போட வேண்டும். கட்டிலை விட்டு எழும்ப முதல் போட்டுவிட வேண்டும், நின்றால் கால் வீங்கிவிடும். குதிக்கால் வரை உட்புறமாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, சுருக்கம் விழாமல் மெல்ல மேலே இழுக்க வேண்டும். நேரமெடுக்கும் வேலை, அதனால் பேச்சும் வரும். 1971இல் அவருக்கு 35 வயது. "1959இல் என் அப்பா எதற்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை" என்றார். இத்தனை வருடம் கழித்தும் குரலில் கோபம் இருந்தது.

அன்றைக்கு எனக்கு என் அம்மம்மா நினைவுக்கு வந்தார். நுவரெலியாவில் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானுக்கு வாக்குப் போட்டதைப் பெருமையாகச் சொல்வார். அந்தத் தேர்தலில் அவருடைய கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் பல இடங்களில் வென்றது. அடுத்த வருடமே தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போனது. 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு குடும்பம் கிளிநொச்சிக்கு வந்தது. அப்பா யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் எனக்குப் பிறப்பிலேயே பிரஜாவுரிமை இருந்தது. அம்மம்மாவுக்கு இல்லை. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தர 2003இல் சட்டம் வந்தபோது அவர் உயிரோடில்லை.

ஆக, நான் வகுப்பில் சொன்ன 1931 உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1931இல்கூடத் தோட்டத்து மக்களுக்கு நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்கும் நிபந்தனை இருந்தது. இறுதி ஆய்வுக் கட்டுரைக்கு இதையே தலைப்பாக எடுத்துவிட்டேன்: இரண்டு நாடுகள், இரண்டு மூதாட்டிகள். ஒருவருக்கு வாக்கு தாமதமாக வந்தது, மற்றவரிடம் கொடுத்துப் பறித்தார்கள். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், எழுதுவது சிரமம்தான், ஆனால் இதை எழுதும்போது வாக்கியங்கள் தாமாக வருகின்றன.

எனக்கோ இங்கே வாக்கு இல்லை. சி விசா என்னும் நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது, வரி கட்டுகிறேன். நொசத்தல் மாநிலத்தில் வெளிநாட்டவர் உள்ளூராட்சியிலும் மாநிலத்திலும் வாக்களிக்கலாம், யூராவிலும் அப்படித்தான். பேர்ணில் இல்லை. 2021 நவம்பர் 28ஆம் திகதி பராமரிப்புத் தொழிலைப் பலப்படுத்துவது பற்றியே நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. 61 வீதம் பேர் ஆம் என்றார்கள். எனக்குச் சந்தோஷம், ஆனால் அன்று இரவு நித்திரை வரவில்லை. என் வேலையைப் பற்றிய கேள்விக்கு என்னைத் தவிர எல்லோரும் பதில் சொன்னது போல இருந்தது.

சுவிஸ் பாஸ்போட் எடுத்தால் விசா இல்லாமல் பறக்கலாம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சரி, அதுவும் வேண்டியதுதான். எனக்கு வேண்டியது வாக்குச் சீட்டு வரும் அந்தக் கடித உறை. பரீட்சை முடிந்ததும் விண்ணப்பிக்கப் போகிறேன். 10 வருட வதிவிடம், டொச் மொழித் தரத்தில் பேச பி1, எழுத ஏ2, எல்லாம் கையில் இருக்கிறது. சுவிஸ் 1992இலிருந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்கவும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதையும் செய்வேன். அம்மம்மாவிடம் பறித்ததை நானாகவே விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.