16 பட்டனுக்குள் ஆதி தாளம்

தம்பி கோலாலம்பூர் செந்தூலில் உறுமி மேளம் அடிக்கிறான். சித்தப்பா பிள்ளைகள் பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்தில். தைப்பூசத்தன்று இவன் பத்துமலையில், அவர்கள் தண்ணீர்மலையில். இவர்கள் ஒன்றாகக் கொட்டுவது தீபாவளிக்கு எல்லாரும் ஒரே வீட்டில் கூடினால்தான். மற்ற நாளிலும் அவரவர் ஊரில் இருந்தபடியே போனில் சேர்ந்து கொட்டட்டும் என்றுதான் இந்த ஆப்பைக் கட்டுகிறேன்.

முகம் பழைய ரோலண்ட் டிஆர்-808 மாதிரி. 1980இல் வந்த தாளப்பெட்டி அது. அடியில் வரிசையாக 16 பட்டன்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, நிறத்துக்கு நான்கு. பழைய பெட்டிகள் மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு, ஆனால் என்னை இழுத்தது அந்த நிறங்கள். சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றவள் நான். ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு பட்டன் என்று வைத்துப் பாருங்கள். சிவப்பும் ஆரஞ்சும் சேர்ந்தால் நான்கு எண்ணிக்கை லகு, மஞ்சள் இரண்டு எண்ணிக்கைத் துருதம், வெள்ளை இன்னொரு துருதம். நம் ஆதி தாளத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. தாளம் தெரியாத பிள்ளைகூட நிறத்தைப் பார்த்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடும்.

ஊர் விட்டு ஊர் சேர்ந்து வாசிப்பதில் பெரிய தொல்லை தாமதம். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டுக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும். மேள வரிசையில் 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அடி 30 மில்லி செகண்ட் பிந்தித்தான் கேட்கும். அதைச் சமாளித்துவிடலாம். கைப்பேசி இணையத்தில் தாமதம் கூடுவதும் குறைவதுமாக இருக்கும், காது எதைப் பிடித்துக்கொள்ளும்? அதனால் நான் ஒலியை அனுப்புவதே இல்லை. ‘உறுமி, 9ஆவது பட்டன், ஆன்’ என்ற குட்டிச் செய்தி மட்டும் வெப்சாக்கெட்டில், அதாவது திறந்தே இருக்கும் ஓர் இணைய இணைப்பில், போகிறது. ஒலியை அவரவர் போனே உண்டாக்குகிறது. பட்டன் உடனே எரியும், சத்தம் அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) சமத்தில், அதாவது முதல் அடியில்தான் சேரும். 2005இல் வந்த, இணையத்தில் சேர்ந்து வாசிக்க உதவும் நிஞ்ஜாம் மென்பொருளும் ஒரு சுற்று தள்ளிக் கேட்கவைத்துத்தான் இந்தத் தாமதத்தைத் தாண்டியது. ஜாவாஸ்கிரிப்ட் டைமர் தள்ளாடும், அதை நம்பித் தாளம் போட முடியாது. 25 மில்லி செகண்டுக்கு ஒருமுறை விழித்து, அடுத்த 100 மில்லி செகண்டில் வரவேண்டிய அடிகளை, ஒலிக்கென்றே உலாவியில் இருக்கும் துல்லியமான ஆடியோ கடிகாரத்திடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

உறுமிதான் நிறைய நேரம் எடுத்தது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்ப்புக்கு, ஒலி அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டரின் சுருதியை வழுக்கி ஏறவிட்டேன். தம்பி ஹெட்போனில் கேட்டுவிட்டு, “அக்கா, ஏத்தம் சரி. சொரசொரப்பு வேணும், தோலு பேசணும்” என்றான். கொஞ்சம் இரைச்சலை வடிகட்டி, சுருதியோடு சேர்ந்து ஏறும்படி கலந்தேன். அப்போதுதான் அவன் கை தொடையில் தட்ட ஆரம்பித்தது.

உறுமி, பம்பை, தவில், ஜால்ரா: நான்கு வரி, ஆளுக்கு ஒன்று. அடுத்தவர் வரியைப் பார்க்கலாம், தொட முடியாது. மேளத்தில் யாராவது பக்கத்து ஆள் குச்சியைப் பிடுங்குவார்களா? அரட்டைப்பெட்டி, இமோஜி எல்லாம் வை என்கிறார்கள் நண்பர்கள். வைக்க மாட்டேன். கொட்டும்போது கண்ணும் காதும் தாளத்தில் இருக்கட்டும்.

இப்போது மிஸ்ர சாபுவில் இறங்கியிருக்கிறேன். 3+4, ஏழு எண்ணிக்கை, ஆக 14 பட்டன். சிவப்பு 6, வெள்ளை 8 என்று நிறம் மாற்றிக் கடைசி இரண்டை அணைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சாபு வாசிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்த இரண்டு பட்டனும் இருட்டாக இருந்தால் போதுமா, திரையிலிருந்தே எடுத்துவிடவா?